ஒரே வீட்டுப்பேர்

பெண் கேட்டு வருகிறவனை வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஆயிரம் காரணம் வைத்திருக்கிறார்கள். குடிக்கிறான், வேலை நிலையில்லை, அவன் அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி, ஜாதகம் இடிக்கிறது. சௌமியாவுக்குச் சொல்லப்பட்டது இதில் எதுவும் இல்லை. பிரேம்நாத் அவளுக்கு அண்ணன் ஆகிறான். பெற்றவர்கள் வேறு, வளர்ந்த வீடு வேறு, மூக்கு முதற்கொண்டு வேறு. ஆனாலும் அண்ணன்தான். இரண்டு பேருக்கும் வீட்டுப்பேர் ஒன்று.

ஆம்பூர்ப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு ஆளின் பெயருக்கு முன்னால் ஒரு வீட்டுப்பேர் இருக்கும். ஆதாரில் அது இருக்காது, ரேஷன் கார்டில் இருக்காது. கல்யாணப் பேச்சிலும் சாவுக் காரியத்திலும் மட்டும் வெளியே வரும். ஒரே வீட்டுப்பேர் என்றால் பங்காளி. பங்காளிக்குள் பெண் கொடுக்கிற பேச்சே கிடையாது, அதற்கு மேல் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். சௌமியாவின் வீட்டுப்பேர் ரேலகொண்டா. எல்லைக்கு அந்தப்பக்கம் சித்தூர் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஏதோ ஒரு ஊரின் பெயர் என்பார்கள். போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. அபூர்வமான பெயர். ஆம்பூரில் அந்தப் பெயர்க்காரர்கள் இரண்டே வீடு. அதில் ஒரு வீட்டுப் பெண்ணாகச் சௌமியாவும் இன்னொரு வீட்டுப் பிள்ளையாகப் பிரேம்நாத்தும் அமைந்து தொலைத்ததுதான் விஷயம்.

பிரேம்நாத்தின் அம்மா தேவகி, புருஷன் செத்த பிறகு பேர்ணாம்பட்டிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தவள். சௌமியா வீட்டுக்கு அடுத்த தெருவில் குடிவந்தாள். ரேஷன் கடை வரிசையில் பேச்சோடு பேச்சாக அவள் வீட்டுப்பேர் வெளியே வந்தது. அப்போது சௌமியாவின் தாத்தா இருந்தார். இத்தனை காலம் ஒற்றை வீடாகக் கிடந்தோமே என்று மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையோடு அவர்களை வீட்டுக்கு அழைத்துவந்து இலை போட்டுச் சோறு போட்டார். அன்றிலிருந்து தேவகி சித்தியானாள், பிரேம்நாத் அண்ணனானான். தாத்தா செத்தபோது பங்காளி என்கிற முறையில் அந்தப் பையனும் மொட்டை போட்டுக்கொண்டான். சுடுகாடு வரைக்கும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

மொட்டைத் தலை பையன் வளர்ந்து, ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர் ஆனான். சௌமியா அதே கம்பெனியில் செலவுக் கணக்குப் போடுகிற காஸ்டிங் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன்தானே என்று வீட்டில் அவன் பைக்கிலேயே வேலைக்கு அனுப்பிவைத்தார்கள். அண்ணன் என்று கூப்பிட வைத்தால் போதும், மனசும் அந்த முறைக்குக் கட்டுப்பட்டு நடக்கும் என்று பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை. மனசுக்கு வீட்டுப்பேர் தெரியாது.

விஷயம் வெளியே வந்தபோது சௌமியாவின் அப்பா சம்பத் கத்தவில்லை. ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர்.

"அந்தப் பையன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா. தங்கமான புள்ள. ஆனா அண்ணன் ஆச்சே. நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நாலு பேர் எதிர்ல நிக்கறது? அவன் நம்ம பங்காளி இல்லன்னு ஒரு ஆதாரம் கொண்டா. நானே முன்னால நின்னு பண்ணி வெக்கிறேன்" என்றார்.

ஆற்றமாட்டாமல் சொன்ன வார்த்தை. கொண்டுவர முடியாது என்ற தைரியத்தில் சொன்னது. சௌமியா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

பிரேம்நாத்துக்கு அவள் தேடப் புறப்பட்டது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜார்? ராணிப்பேட்டையில ஒரு கம்பெனி கூப்புடுது. போய்ட்லாம். ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம். ரெண்டு வருஷம் திட்டுவாங்க. அப்புறம் கொழந்தையத் தூக்கிக் கொஞ்ச வந்துடுவாங்க" என்றான்.

"நான் இன்னா திருடிட்டா போறேன், ஓடி ஒளியறதுக்கு? எங்கப்பா கையால தாரை வார்த்துக் குடுத்துதான் வருவேன்."

"தேடி இன்னா ஆவப்போவுது சௌமி?"

"பயந்தாங்கொள்ளி" என்றாள். அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆம்பிளைக்கு இவ்வளவு சோம்பேறித்தனமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. நாம் தேடுவதைப் பார்த்து ஒருவன் பயப்படுகிறான் என்றால் எதைக் கண்டு பயப்படுகிறான் என்று கேட்டிருக்க வேண்டும். காதலிக்கிறவர்கள் கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கேட்பார்கள்.

அது வாக்காளர் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்த சமயம். ஊர் முழுக்க அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் பழைய பட்டியலில் தேடி செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப் பேருக்குத் தேடிக் கொடுத்தது சௌமியாதான். அந்தக் கை சூட்டோடு தன் வீட்டுப்பேரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். வாக்காளர் பட்டியலில் அவளுடைய தாத்தாவோடு தடம் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, வெள்ளைக்காரன் காலத்து மக்கள்தொகைக் கணக்கு வரைக்கும் வந்து சேர்ந்தாள். அச்சடித்த பழைய புத்தகங்கள் இணையத்தில் கிடைத்தன. ராத்தூக்கம் கெட்டுப் புரட்டினாள். எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குருடர், எத்தனை விதவை என்று பக்கம் பக்கமாக எண்கள். ஒரு மனிதனின் பெயர்கூட இல்லை. ஆளை எழுதிய தாள்களையெல்லாம் கூட்டிக் கழித்து முடித்ததும் சர்க்கார் கழித்துப் போட்டுவிட்டதாம். கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரி இஃப்ராவிடம் சொல்லி அழாத குறையாகப் புலம்பினாள்.

"எங்க தாதாவோட அப்பா பேர்ணாம்பட்டு தோல் ஷாப்புல கணக்கு எழுதினவரு. அந்தக் காலத்துல சென்சஸ் எழுதினதே அவருதான்னு எங்க ஃபூபி பெருமையா சொல்லிக்கினே இருப்பாங்க. அவங்க வூட்ல பழைய காகிதம் ஒரு டிரங்க் பெட்டி நெறைய கெடக்குது. வர்றியா?" என்றாள் இஃப்ரா.

ஃபூபி என்றால் அப்பாவின் அக்கா. ரஃபத் ஜஹான் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பெண்களும் பஸ் ஏறிப் பேர்ணாம்பட்டு போனார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் பெட்டியைத் திறந்தார். கணக்கெடுக்க அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை, எழுதத் தெரிந்தவனைப் பிடித்து ஒரு தெருவைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று சொன்னார். முதலில் வெறுந்தாளில் எழுதிக்கொள்வார்கள். அப்புறம்தான் சர்க்கார் படிவத்தில் சுத்தமாகப் பார்த்து எழுதித் தருவார்கள். படிவம் போய்விட்டது. வெறுந்தாள் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.

மஞ்சள் பூத்த தாள்கள். கட்டம் போட்டு, பொடிப் பொடியாகத் தமிழில் எழுதியிருந்தார் அந்தக் கணக்கப்பிள்ளை. சௌமியாவின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பஜார் தெருவில் ஒரு வீடு. ரேலகொண்டா குப்பய்யா, ஆவாரம்பட்டை வியாபாரம், பிறந்தது சித்தூர் ஜில்லா. ஆம்பூருக்கு வருவதற்கு முன்னால் பேர்ணாம்பட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டை விற்ற கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. தாளைத் திருப்பினாள். ஊருக்கு வெளியே தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டிய குடிசை வரிசை. ரேலகொண்டா யல்லையா, சுண்ணாம்புக் குழி வேலை, பிறந்தது வட ஆற்காடு ஜில்லா. யல்லையா என்பது பிரேம்நாத்துடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர். தேவகி சித்தி வீட்டில் திதி கொடுக்கும்போது சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"ஊரே வேற இஃப்ரா! ஜில்லாவே வேற! ஒரே குடும்பமா இருந்தா எப்படி அவர் அங்க பொறந்திருப்பாரு, இவர் இங்க பொறந்திருப்பாரு?"

நல்ல வக்கீல் ஒருவன் இதை ஊதித் தள்ளிவிடுவான். அண்ணன் ஒரு ஜில்லாவிலும் தம்பி ஒரு ஜில்லாவிலும் பிறக்கக் கூடாதென்று சட்டமா இருக்கிறது? ஆனால் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி சித்தி இல்லை, அத்தை. மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இரண்டு தாளையும் செல்போனில் படம் பிடித்தாள்.

ரஃபத் ஜஹான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தத் தாள்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாக் கட்டமும் படிச்சியாம்மா?" என்று கேட்டார்.

"படிச்சிட்டேன்மா."

"இன்னொரு வாட்டி நெதானமா படி. அப்புறமா வீட்ல காட்டு. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். வேறொருத்தர் வீட்டு விவகாரம். அதற்கு மேல் அவர் எப்படிச் சொல்வார்? சௌமியா அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டில் அன்று தாய்மாமன் மதியழகன் வந்திருந்தார். கல்யாணப் பேச்சில் தாய்மாமன் சொல் பெரிய சொல். அவர் இருப்பதும் நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டாள், பாவி மகள். அம்மா ஜோதி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் சௌமியா உள்ளே வந்து அப்பா கையில் செல்போனைக் கொடுத்தாள்.

"ஆதாரம் கேட்டியேப்பா. இந்தா."

சம்பத் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். குப்பய்யா பெயரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "எங்க தாத்தா!" என்று மச்சானிடம் காட்டினார். சௌமியா அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டு ஜில்லாவைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா கேட்கவில்லை. அவர் விரல் பெயருக்கும் தொழிலுக்கும் நடுவே இருந்த ஒரு கட்டத்தில் நின்றது. திரும்பவும் குப்பய்யாவின் தாளுக்குப் போனது. அதே கட்டம். மறுபடி யல்லையாவிடம் வந்தது.

ஜாதி எழுதுகிற கட்டம்.

சௌமியா அதைப் படிக்காமல் இல்லை. கண் அதன் மேல் போயிருந்தது, நிற்கவில்லை. ஒரே வீட்டுப்பேர் என்றால் அந்தக் கட்டத்திலும் ஒன்றுதானே இருக்கும் என்று வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கட்டத்தால் ஒரு நாளும் அடி வாங்காத வீட்டில் வளர்ந்தவளுக்குத்தான் அப்படி வழுக்கும். குப்பய்யாவுக்கும் யல்லையாவுக்கும் ஊர்ப்பெயர் வீட்டுப்பேராக ஒட்டிக்கொண்டது. அந்த ஊரில் ஒருவரின் முன்னோர் தெருவுக்குள் இருந்திருக்கிறார்கள், ஒருவரின் முன்னோர் தெருவுக்கு வெளியே இருந்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது என்ன என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் சம்பத் படித்த மாதிரிதான் படிப்பீர்கள்.

மதியழகன் செல்போனைப் பிடுங்கிச் சத்தமாகவே படித்தார். அடுப்படியில் எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பய தோள்லயா மச்சான், உங்கப்பா பாடை போச்சு?" என்றார் மதியழகன்.

சம்பத் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கைகால் கழுவப் போகிறார் என்று நினைத்தார்கள். போனவர் வேட்டியோடு தலைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டார். குடம் குடமாக ஊற்றினார். இருட்டுகிற நேரத்தில், இழவு கேட்டவர் மாதிரி.

ஈரத் தலையோடு அவர் திரும்பி வந்தபோது சௌமியா வாசற்படியில் மறித்துக்கொண்டு நின்றாள். அவர் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"பங்காளி இல்லன்னு ஆயிடுச்சில்லப்பா. நீ சொன்ன ஆதாரம் கெடச்சிடுச்சில்ல."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமான துக்கம் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"அவன் உனக்கு அண்ணனாவே இருந்திருக்கலாம்மா" என்றார். "வந்து போய்க்கினு இருந்திருப்பான். நம்ம வூட்ல ஒரு வாய் சாப்புட்டுக்கினு இருந்திருப்பான். நீதான் கெடுத்துட்டே."

அப்புறம் நடந்ததெல்லாம் சடசடவென்று நடந்தது. மதியழகன் நாலு ஆட்களோடு தேவகி வீட்டு வாசலில் போய் நின்றார். கை நீட்டவில்லை, பேசத்தான் செய்தார். தெருவே கேட்கப் பேசினார். வீட்டுக்காரர் மறுநாளே காலி பண்ணச் சொல்லிவிட்டார். கம்பெனி கேன்டீனில் பிரேம்நாத் உட்கார்ந்த மேஜையில் மட்டும் இடம் காலியாக இருந்தது. இத்தனைக்கும் யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. நம் ஊரில் இதெல்லாம் கேட்காமலே நடக்கும்.

சௌமியாவின் செல்போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் சாமான் ஏற்றுகிற அன்று மத்தியானம் அவள் கம்பெனியிலிருந்து அரைநாள் லீவு போட்டுவிட்டு அங்கே போனாள். டாடா ஏஸ் வண்டியில் பீரோவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேவகி வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று சௌமியாவுக்குத் தெரியவில்லை. சித்தி என்பதா, அத்தை என்பதா? வாய் திறந்து அப்படியே நின்றது.

"வாம்மா" என்றாள் தேவகி. பழைய குரலில்தான் சொன்னாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்களுக்குத் தெரியாம எப்புடிம்மா இருக்கும்? எங்க புள்ளைக்கு சர்டிபிகேட்டு வாங்கறப்பெல்லாம் தெரியாதா?" சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள். "உங்க தாத்தா இலை போட்டுக் குந்த வெச்சாரு. ஒரே வீட்டுப்பேருன்னு அவரே சொல்லிட்டாரு. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. புருஷன் இல்லாதவ. ஒருத்தர் கூப்ட்டு சோறு போட்டா வேணான்னு சொல்ல மனசு வருமா? அதுக்கப்புறம் சொல்றதுக்கு நேரமே வரல."

சௌமியா அவள் காலடியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். தேவகி அவளைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிரேம்நாத் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கி வந்தான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"சொல்லணும்னு தெனமும் பைக்ல வர்றப்போ நெனைப்பேன். அதுக்குள்ள கம்பெனி வாசல் வந்துடும்." அவன் தரையைப் பார்த்தான். "நீ வேற மாதிரி பாத்துடுவியோன்னு பயம். நீ பாத்திருக்க மாட்டேன்னு இப்போ தெரியுது. பிரயோஜனம் இல்ல."

"போலாம் பிரேம். இப்பவே. நீ சொன்ன மாதிரி ராணிப்பேட்டைக்கே போய்ட்லாம். எனக்கு எங்கப்பா கையெல்லாம் வேணாம். இந்த வண்டியிலயே ஏறிடறேன்."

அவன் சட்டென்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் அதற்கு முன் அவனிடம் பார்த்ததில்லை. பைக்கில் அவளை உட்கார வைத்துக்கொண்டு ஊருக்கு நடுவே சீட்டியடித்தபடி போனவன்.

"அன்னிக்குக் கூப்ட்டேன். அன்னிக்குப் போயிருந்தா அண்ணனும் தங்கச்சியும் ஓடிப் போய்ட்டாங்கன்னு காறித் துப்பியிருப்பாங்க. மண்ண வாரித் தூத்தியிருப்பாங்க. அவ்ளோதான்." குரல் தாழ்ந்தது. "இப்போ போனா வெட்டுவாங்க சௌமி. என்னை மட்டும் இல்ல."

உள்ளே தேவகி துடைப்பத்தால் காலி வீட்டைப் பெருக்குகிற சத்தம் கேட்டது. காலி பண்ணுகிற வீட்டையும் பெருக்கிவிட்டுப் போகிறவள் அவள்.

அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது என்று சொல்ல வாயெடுத்தாள் சௌமியா. அன்று செல்போனைப் பிடுங்கிப் படித்த மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது. தூக்கி வளர்த்த மாமா. முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்த மாமா. அவளால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

"எங்க போறீங்க?"

"வேணாம்" என்றான். "நீயா சொல்ல மாட்டே. உன்னைக் கேப்பாங்க."

வண்டி கிளம்பிப் போனது. தேவகி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பிரேம்நாத் பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்த்தானா என்று சௌமியாவுக்குத் தெரியாது. தெருமுனையில் மதியழகனின் ஆள் ஒருவன் டீக்கடையில் நின்றுகொண்டு இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சம்பத் குடியாத்தத்திலிருந்து வந்தார். மகளுக்குப் பிடிக்கும் என்று பால்கோவா வாங்கி வந்திருந்தார். மதியழகனும் கூட வந்திருந்தார். அம்மா தட்டில் எடுத்து வைத்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தடவினார். கோபித்துக்கொண்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். அவர் பழைய அப்பாவாகவே இருந்தார். அந்தக் கை கனத்தது.

"நல்ல எடம்மா. பையன் பேங்க்ல இருக்கான். வீட்டுப்பேர் கேட்டேன், வேற. மத்ததும் எல்லாம் விசாரிச்சிட்டேன். ஞாயித்துக்கெழம பாக்க வர்றாங்களாம்."

 எதிரில் உட்கார்ந்திருந்த மாமா பால்கோவா தட்டை எடுக்காமல் சௌமியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"சரிதானம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார் அப்பா.

எந்த ஊரிலோ ஒரு வாடகை வீட்டில் இரண்டு பேர் அன்றைக்கு உயிரோடு இருந்தார்கள். அவர்கள் அப்படியே இருக்க வேண்டும். சௌமியா மாமா பார்க்கும்படி நன்றாகத் தலையை ஆட்டினாள்.